மூக்கு சாட்சி

யாமினியின் ரத்தத்தில் ஒரு பூனை இருந்தது.

குமரகுரு திரையை இரண்டாம் முறை பார்த்தான். வீட்டுத் தூசிப் பூச்சி, இல்லை. பார்த்தீனியம், இல்லை. சில்வர் ஓக் மகரந்தம், இல்லை. கரப்பான், இல்லை. எல்லாம் பச்சைக் கோடு. கடைசிக்கு முந்தின வரியில் மட்டும் ஒரு மஞ்சள் கோடு. 'பூனை: 0.6.' பக்கத்தில் ஒரு பதிவு எண்.

அவர்கள் வீட்டில் பூனை கிடையாது. எதிர்வீட்டில் கிடையாது. எட்டு வருடத் தாம்பத்தியத்தில் யாமினி ஒரு பூனையை 'ச்சூ' என்று விரட்டியதாகக்கூட அவனுக்கு நினைவில்லை.

அப்படியானால் யாருடைய பூனை?

2047-ல் அது விடை உள்ள கேள்வி. ஒரு காலத்தில் ரத்தப் பரிசோதனை 'உங்களுக்குப் பூனை ஆகாது' என்பதோடு நிறுத்திக்கொள்ளும். இப்போது குன்னூர் ஒவ்வாமை ஆய்வகத்தில் இருந்த இயந்திரம், உடம்பு தயாரித்து வைத்திருக்கும் எதிர்ப்பொருள்களை ஒவ்வொன்றாக உரித்துப் பார்த்து, எந்தப் பூனையைச் சந்தித்த பிறகு அவை தயாராயின என்பது வரை சொல்லும். வளர்ப்பு மிருகம் ஒவ்வொன்றின் புரத ரேகையும் நகராட்சிப் பதிவேட்டில் ஏறியிருந்தது. அடுக்குமாடிகளில் காலை முழுதும் தும்முகிறவர்கள், எந்த மாடிப் பூனையால் தும்முகிறோம் என்று தெரிந்துகொள்ளட்டும் என்ற நல்ல எண்ணம்.

நல்ல எண்ணம் இரண்டே வருடத்தில் குடும்ப நீதிமன்றத்துக்குப் போய்விட்டது. 'அந்தத் தெருவுக்கே நான் போனதில்லை' என்று கூண்டில் ஏறிச் சத்தியம் செய்தார் ஒருவர். அவர் ரத்தமோ அந்தத் தெருவில் ஒரு பாமரேனியனைத் தனக்குத் தெரியும் என்றது. மனைவிக்கு விவாகரத்து கிடைத்தது. வக்கீல்கள் அதற்கு 'மூக்கு சாட்சி' என்று பெயர் வைத்தார்கள். கடைகளில் ரோமம் ஒட்டாத சட்டை என்று விற்க ஆரம்பித்தார்கள். சிலர் பூனைகளைப் பதிவு செய்யாமல் மாடி அறையில் ஒளித்து வளர்த்தார்கள்.

கடைசியில் அரசாங்கம் பதிவேட்டுக்கு ஒரு பூட்டுப் போட்டது. மிருகத்தின் உரிமையாளர் பெயரைப் பார்க்க வேண்டுமானால் டாக்டரின் உத்தரவு வேண்டும், நோயாளியின் கையெழுத்து வேண்டும். குருவைப் போன்ற ஆய்வக ஊழியன் பார்க்கக் கூடாது.

டாக்டர் ஹெப்சிபா சாப்பிடப் போயிருந்தார். அவருடைய திரை திறந்தே கிடந்தது. குரு இருக்கிறான் என்ற நம்பிக்கையில் அவர் அதை மூடுவதே இல்லை.

குரு கதவைப் பார்த்தான். பிறகு எண்ணை அழுத்தினான்.

'பதிவுப் பெயர்: மேனேஜர். ஆண். கறுப்பு வெள்ளை. வயது ஐந்து. உரிமையாளர்: ரா. சுதர்சன், மேல் குன்னூர்.'

சுதர்சன். யாமினியும் அவனும் ஒரே தேயிலைக் கம்பெனியில் டேஸ்டர்கள். தினம் நூறு கோப்பைகளை வரிசையாக வைத்து, கரண்டியில் எடுத்து உறிஞ்சி, ருசி பார்த்து, துப்பி, எந்தத் தேயிலை எந்தத் தரம் என்று சொல்கிற வேலை. மூன்று வருடமாக ஒரே மேஜை. குரு அவனை நேரில் பார்த்ததில்லை.

ஆனால் ஒன்று ஞாபகம் வந்தது. போன வாரம் யாமினி போனில் சிரித்துக்கொண்டே கேட்டாள், "மேனேஜர் இன்னைக்கு என்ன பண்ணாரு? மடியிலயே தூங்கிட்டாரா?"

கம்பெனி மேனேஜரைப் பற்றி ஏதோ கேலி என்று அன்றைக்கு நினைத்திருந்தான்.

*

"என்ன குரு, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?"

டாக்டர் ஹெப்சிபா கையைத் துடைத்துக்கொண்டே உள்ளே வந்தார். அறுபது வயது. மலை முழுக்க அவருடைய நோயாளிகள்தான்.

"யாமினியோட வருஷ ரிப்போர்ட் டாக்டர். பூனை பாசிட்டிவ்."

"எவ்ளோ?"

"பாயின்ட் ஆறு."

"தும்மல் இருக்கா?"

"இல்ல."

"மூக்கடைப்பு, ஒழுகல், அரிப்பு?"

"இல்ல டாக்டர்."

"அப்ப என்ன பாசிட்டிவ்? சான்றிதழை அடிச்சு அனுப்பு."

தேயிலைக் கம்பெனிகள் டேஸ்டர்களிடம் வருடா வருடம் மூக்குச் சான்றிதழ் கேட்கும். பாரத்தில் இரண்டு கட்டம். இரண்டும் சிவப்பானால் ஒவ்வாமை மூக்கழற்சி என்று அர்த்தம். ஆறு மாதம் மேஜைப் பக்கம் வர முடியாது.

"ஆனா ரத்தத்துல இருக்கே டாக்டர்."

"இருந்துட்டுப் போகட்டும். பதினஞ்சு வருஷமா என்கூட இருக்க, உனக்குமா பாடம் எடுக்கணும்? ரெண்டு கட்டம் எதுக்கு வச்சிருக்கோம்? ஒண்ணு ரத்தம், இன்னொண்ணு அவங்க வாயால சொல்ற கதை. ரெண்டும் ஒத்துப்போனாத்தான் வியாதி. ரத்தம் என்ன சொல்லுது? இந்தாளைப் பாத்திருக்கேன்னு சொல்லுது. இந்தாளால எனக்குத் தொந்தரவுன்னு சொல்லல. ஊர்ல பாதிப் பேர் ரத்தத்துல இப்படி எதாவது ஒண்ணு கெடக்கும். ஆளைக் கேக்காம ரத்தத்தை மட்டும் படிச்சா, நாளைக்கே மொத்தக் குன்னூரையும் படுக்க வச்சிரலாம்."

குரு தலையாட்டினான். அவன் காதில் தங்கியது ஒரே ஒரு வரி. இந்தாளைப் பாத்திருக்கேன்.

*

அன்று சாயங்காலம் யாமினி சப்பாத்திக்கு மாவு பிசைந்துகொண்டே பேசினாள். வேலை நன்றாக நடந்த நாளில் அவளுக்குப் பேச்சு நிற்காது.

"கோத்தகிரிப் பக்கமிருந்து ஒரு லாட் தேயிலை வந்துச்சு குரு. வாயில வச்ச உடனே என்னவோ ஒரு வாசனை. தெரிஞ்ச வாசனைதான், பேர் வரமாட்டேங்குது. நான் முழிக்கிறேன். சுதர்சன் ஒரே உறிஞ்சு உறிஞ்சிட்டு, 'தீப்பெட்டி'ன்னாரு. அதேதாண்டா! உரசாத தீப்பெட்டி!"

"சந்தோஷம்."

"என்ன சந்தோஷம்?"

"தீப்பெட்டி கிடைச்சதுக்கு."

அவள் சிரித்தாள். குருவுக்குச் சிரிப்பு வரவில்லை. அவனுக்கு இருந்தது சாதாரண மூக்கு. காபிக்கும் டீக்கும் வித்தியாசம் சொல்வான், அதற்கு மேல் கேட்கக் கூடாது. அவள் நாக்கு நுனியில் நிற்கிற வார்த்தையை இன்னொருவன் எட்டி எடுத்துக் கொடுக்கிறான். எட்டு வருடத்தில் குரு அவளுக்கு ஒரு தீப்பெட்டிகூட எடுத்துக் கொடுத்ததில்லை.

"நாம ஒரு பூனை வளக்கலாமா?" என்றான்.

"பூனையா? என்னடா திடீர்னு? என் வேலைக்கு ஆகுமா அது? சுதர்சன் எப்படித்தான் வச்சிருக்காரோ. அவருக்கு இரும்பு மூக்கு."

மறைக்கவே இல்லை. பெயரைக்கூடச் சொன்னாள். அதுவே அவனுக்குச் சந்தேகமாக இருந்தது. மறைக்கத் தெரிந்தவள்தான் இவ்வளவு சாதாரணமாகச் சொல்வாள்.

'அந்த வீட்டுக்குப் போயிருக்கியா?' ஒரே வாக்கியம். தொண்டை வரைக்கும் வந்தது. தண்ணீர் குடித்து விழுங்கினான். கேட்டால் இல்லை என்பாள். இல்லை என்றால் நம்ப வேண்டியிருக்கும்.

*

சுதர்சன் வீட்டுக்குள் நுழைவது சுலபமாக இருந்தது. புதன், சனிக்கிழமைகளில் மாலை நாலு மணிக்கு, சுற்றுலா வருகிறவர்களுக்கு வீட்டிலேயே தேநீர் ருசி பார்க்க வகுப்பு நடத்தினான். 'பாஸ்கர், ஈரோடு, ஜவுளி வியாபாரம், இரண்டு மாதம் இங்கே ஓய்வு' என்று சொல்லிக் குரு சேர்ந்துகொண்டான். யாமினியிடம் ஆய்வகத்தில் கூடுதல் வேலை என்றான்.

கதவைத் திறந்தவனைப் பார்த்ததும் குருவுக்கு ஏமாற்றம். வழுக்கை. தொப்பை. முழங்கை கிழிந்த சட்டை. அழகனாக இருந்திருந்தால் தாங்கிக்கொண்டிருக்கலாம். இவனிடம் இருப்பது மூக்கு ஒன்றுதான். அப்படியானால் அவள் வந்தது அந்த மூக்குக்காகத்தான்.

"வாங்க பாஸ்கர் சார். கூச்சப்படாம சத்தமா உறிஞ்சணும். உங்க வீட்ல உறிஞ்சினா திட்டுவாங்க, இங்க உறிஞ்சலைன்னா நான் திட்டுவேன்."

குரு உறிஞ்சினான். புரை ஏறியது. எல்லோரும் சிரித்தார்கள். கறுப்பு வெள்ளையில் கொழுத்த பூனை ஒன்று சோபாவிலிருந்து இறங்கி, நிதானமாக நடந்து வந்து, அவன் மடியில் ஏறி, ஸ்வெட்டரில் முகத்தைத் தேய்த்துவிட்டுச் சுருண்டுகொண்டது.

"அட! மேனேஜர் யார்கிட்டயும் போக மாட்டாரே! உங்களுக்கு இன்டர்வியூ வச்சிட்டாரு சார். வேலை கிடைச்சா மாதிரிதான்."

வகுப்பு முடிந்த பிறகும் ஏதாவது சாக்கு சொல்லி குரு உட்கார்ந்திருப்பான். சுதர்சன் கோப்பைகளைக் கழுவ உள்ளே போகும்போது சோபா இடுக்கில் கையை விடுவான். குளியலறை அலமாரியைத் திறப்பான். செருப்பு வரிசையை எண்ணுவான். ஒரு ஹேர்பின், ஒரு சால்வை நூல், ஒரு பொட்டு. ஒன்றும் அகப்படவில்லை. அகப்படாத ஒவ்வொரு தடவையும் அவர்கள் இன்னும் கெட்டிக்காரர்களாகத் தெரிந்தார்கள்.

ஒரு சனிக்கிழமை மெல்லக் கேட்டான். "உங்க கூட வேலை பாக்குறவங்க எல்லாம் இங்க வருவாங்களா சார்?"

"எங்க சார் வர்றாங்க! யாமினின்னு ஒரு மேடம் இருக்காங்க. என்ன மூக்கு தெரியுமா அது! அவங்க முன்னாடி நான்லாம் துப்புற தொட்டி கழுவத்தான் லாயக்கு. மூணு வருஷமா வீட்டுக்குக் கூப்பிடறேன். பூனை இருக்கிற வீட்டுக்கு வரமாட்டேன், என் பொழைப்பு போயிரும்னு கும்பிடு போடறாங்க."

நேரே முகத்தில் சொன்ன உண்மை. குரு அதில் வேண்டிய இரண்டு துண்டை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டான். என்ன மூக்கு தெரியுமா. மூணு வருஷமா கூப்பிடறேன்.

பூனை அவன் மடியில் குறட்டை விட்டது.

*

ஐந்தாவது வாரம் யாமினி தும்ம ஆரம்பித்தாள்.

காலை ஆறு மணி. ஜன்னலுக்கு வெளியே மழை. வேலைக்குப் போகும்வரை அவள் டீ குடிக்க மாட்டாள், வெந்நீர்தான். ஆணியில் தொங்கும் குருவின் ஸ்வெட்டரை எடுத்துத் தோளில் போர்த்திக்கொண்டு, காலரை மூக்கு வரை இழுத்துவிட்டு, தம்ளரோடு ஜன்னல் அருகில் உட்காருவாள். கல்யாணமான முதல் மழைக்காலத்திலிருந்து அப்படித்தான்.

ஏழு தும்மல். குரு படுக்கையில் கிடந்தபடி எண்ணினான்.

"என்னாச்சு?"

"ஒண்ணுமில்ல. குளிரு."

குரல் மூக்கில் அடைத்திருந்தது. குளிர் இல்லை என்று அவளுக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். சான்றிதழ் போய்விடுமோ என்ற பயத்தில் அவள் மறைத்தாள். அவனுக்கு அது வேறு மறைப்பாகத் தெரிந்தது. பூனையோடு இன்னும் அதிக நேரம் இருக்கிறாள்.

அடுத்த வாரம் ஒரு நாள் வெளிறிப்போய் வந்தாள். நாற்காலியில் உட்கார்ந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"ரெண்டு லாட்டைத் தப்பாச் சொல்லிட்டேன் குரு. ஒரு வாசனையும் தெரியல. எல்லாக் கோப்பையும் வெந்நீர் மாதிரியே இருக்கு. பன்னெண்டு வருஷத்துல இப்படி ஆனதில்ல. நல்லவேளை, சுதர்சன் கவனிச்சு மாத்திட்டாரு. யார்கிட்டயும் சொல்லல."

"சுதர்சன் காப்பாத்திட்டாரு."

"ஆமா."

"நல்ல மனுஷன்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அந்தக் குரலில் என்ன இருந்தது என்று அவளுக்குப் பிடிபடவில்லை. வாசனை பிடிக்கிறவளுக்கு இது பிடிபடாமல் போனதில் அவனுக்கு ஒரு சின்ன சந்தோஷம்.

மறுநாள் காலை அவன் ஆய்வகத்திலிருந்து ஒரு சிரிஞ்ச் கொண்டு வந்திருந்தான். "உன் வருஷ ரிப்போர்ட்ல மெஷின் ஏதோ குழப்பிடுச்சு. இன்னொரு ட்யூப் வேணும்."

அவள் கையை நீட்டிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஊசியைப் பார்க்க மாட்டாள். "நீ குத்தினா வலிக்கவே வலிக்காதுடா," என்றாள்.

பதினோரு மணிக்கு இயந்திரம் சொன்னது. 'பூனை: 41.' பதிவு எண்ணை மறுபடியும் டாக்டரின் திரையில் அழுத்தினான். 'மேனேஜர்.'

குருவுக்கு முதலில் வந்தது கோபம் இல்லை. ஒரு மாதிரி நிம்மதி. தேர்வு முடிவில் தன் எண்ணைப் பார்த்தவன் மாதிரி நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தான்.

*

ஞாயிற்றுக்கிழமை காலை இரண்டு சீட்டையும் சாப்பாட்டு மேஜையில் அவள் முன்னால் வைத்தான்.

"எத்தனை தடவை போன?"

"எங்க?"

"படி."

யாமினி படித்தாள். முதலில் சிரிப்பு வந்தது. "மேனேஜரா? சுதர்சன் வீட்டு மேனேஜரா? அவருக்கு என்ன..." பிறகு அவன் முகத்தைப் பார்த்தாள். சிரிப்பு அப்படியே நின்றது.

"குரு. அந்த வீட்டு வாசப்படியைக்கூட நான் மிதிச்சதில்ல."

"ரத்தம் சொல்லுது."

"ரத்தத்துக்கு வாய் இருக்கா? எனக்கு இருக்கு. என்னைக் கேட்டியா?"

அவள் சீட்டின் மேலிருந்த தேதிகளைப் பார்த்தாள்.

"இது ஜூன்ல எடுத்தது. இது நேத்து. ரெண்டு மாசம். ஒரே வீட்ல இருந்துகிட்டு, நான் பண்ணிப் போட்ட சப்பாத்தியைத் தின்னுகிட்டு, என்னைக் கேக்காம என் ரத்தத்தைக் கேட்டுகிட்டு இருந்திருக்க. மெஷின் குழப்பிடுச்சுன்னு பொய் சொல்லிக் குத்தியிருக்க. நானும் லூசு மாதிரி..."

பாதி வாக்கியத்தில் தும்மல் வந்தது. ஒன்று, இரண்டு, ஐந்து. கோபத்தில் நிமிர்ந்து நிற்கவும் விடாமல் மூக்கு ஒழுகியது. முந்தானையால் துடைத்துக்கொண்டாள்.

"நாளைக்கு டாக்டர்கிட்ட போறோம். ரெண்டு பேரும்."

"போனா சான்றிதழ் போயிடும்."

"போகட்டும். எங்க இருந்து வருதுன்னு எனக்குத் தெரியணும்."

குரு ஒப்புக்கொண்டான். பயப்பட அவனுக்கு ஒன்றும் இல்லை. நாற்பத்தொன்று அவன் பக்கம் இருந்தது.

*

டாக்டர் ஹெப்சிபா இரண்டாவது சீட்டைப் பார்த்தார். அதன் அடியில் தன் பெயரில் பதிவேடு திறக்கப்பட்ட நேரத்தைப் பார்த்தார். குருவை ஒரு முறை பார்த்தார். ஒரு வெற்றுப் பாரத்தை எடுத்து, 'கதை' என்றிருந்த கட்டத்தில் பேனாவை வைத்தார்.

"சொல்லும்மா. தும்மல் எப்ப வருது? எந்திரிச்ச உடனேயா, வேலைக்குப் போனப்புறமா?"

"எந்திரிச்சதும் டாக்டர். ஆபீஸ் போனா குறையும்."

"குறையுமா? பூனைக்காரர் பக்கத்துல உக்காந்தா குறையுதா?"

குரு இயந்திரத்தின் மேல் சாய்ந்திருந்தவன் நிமிர்ந்தான்.

"ஆமா டாக்டர். மூணு வருஷமா அவர் ஏப்ரனும் என் ஏப்ரனும் ஒரே ஆணியிலதான் தொங்குது. ஒரு நாள்கூட ஒண்ணும் ஆனதில்ல."

"அதான் அந்தப் பாயின்ட் ஆறு. மூணு வருஷ ஏப்ரனுக்குப் பாயின்ட் ஆறு. ரெண்டு மாசத்துல நாப்பத்தொண்ணு ஆக்கினது வேற. எல்லா நாளும் ஒரே மாதிரி தும்முதா?"

யாமினி யோசித்தாள். "இல்ல. வியாழக்கிழமை ரொம்ப மோசம். அப்புறம் ஞாயித்துக்கிழமை."

"வியாழன், ஞாயிறு," என்று டாக்டர் எழுதிக்கொண்டார். "காலைல எந்திரிச்சதும் என்ன பண்ணுவ?"

"வெந்நீர் போட்டுட்டு ஜன்னல்கிட்ட உக்காருவேன்."

"குளிருமே. என்ன போத்திக்குவ?"

"இவன் ஸ்வெட்டர்."

"துவைச்சு எத்தனை நாளாச்சு?"

"இந்த மழைல யாரு டாக்டர் ஸ்வெட்டர் துவைப்பா? காய ஒரு வாரம் ஆகும். செப்டம்பர்லதான்."

குன்னூரில் யாரைக் கேட்டாலும் அதே பதில்தான் வரும். டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

"குரு. கழட்டு."

"டாக்டர்?"

"போட்டிருக்கியே, ஸ்வெட்டர். கழட்டு."

மார்புப் பக்கத்தில் ஒரு ஒட்டுத்தாளை அழுத்தி எடுத்து இயந்திரத்தில் வைத்தார். ஐந்து நிமிடம். ஒட்டுத்தாளில் இருந்த ரோமத்தைக் கண்ணாலேயே பார்க்க முடிந்தது. கறுப்பு, வெள்ளை.

திரை முழுக்கச் சிவப்பு. மேனேஜர், மேனேஜர், மேனேஜர்.

குருவின் மூளை வேகமாக ஓடியது. "அவ உடம்புல இருந்து என் ஸ்வெட்டருக்கு வந்திருக்கலாமே டாக்டர். அவதான் தினம் போத்திக்கறா."

"வந்திருக்கலாம்," என்றார் டாக்டர், குரலை உயர்த்தாமல். "அப்ப உன் ரத்தத்தையும் பாத்துருவோம். கையை நீட்டு."

மறுக்க வழி இல்லை. பதிமூன்று முறை அந்தப் பூனை அவன் மடியில் தூங்கியிருக்கிறது. கழுத்தில், கன்னத்தில், மூச்சில் ஏறியிருக்கிறது. இன்னும் இருபது நிமிடத்தில் அவன் எண் திரையில் வரும். யாமினி சுவரில் தொங்கிய நாள்காட்டியில், அவன் கூடுதல் வேலை என்று போன புதன், சனிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இயந்திரம் சத்தமில்லாமல் முடித்தது.

'பூனை: 0.0.'

டாக்டர் ஒரு வறண்ட சிரிப்புச் சிரித்தார். "சில உடம்பு அப்படித்தான். பூனையோட குடும்பமே நடத்தினாலும் கண்டுக்காது. ஒரு சொட்டு ஆன்ட்டிபாடி பண்ணாது. உன் ரத்தத்தைக் கோர்ட்டுக்குக் கொண்டு போனா, நீ அந்தத் தெருப் பக்கமே போனதில்லைன்னு அடிச்சுச் சொல்லும். போகாதவ ரத்தம் பன்னெண்டு மாசமும் போய் வந்ததா சொல்லும். இந்த மெஷினை வச்சுத்தான் ஊர்ல ஆயிரம் குடும்பத்தைப் பிரிச்சிருக்கானுங்க."

குரு அந்தப் பூஜ்யத்தைப் பார்த்தான். சுத்தமான, வட்டமான பூஜ்யம். இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சுதர்சனுக்குத் தெரிந்தது ஈரோட்டு பாஸ்கரைத்தான். ஆய்வகத்தில் அவன் பார்த்த எத்தனையோ பேர் இந்த மாதிரி ஒரு சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து நடந்து போயிருக்கிறார்கள். சீட்டு அவனுடையது. நாற்பத்தொன்று அவளுடையது.

யாமினி திரும்பினாள். சீட்டையும் பார்க்கவில்லை, திரையையும் பார்க்கவில்லை.

"நீங்க போனீங்களா?"

எட்டு வருடத்தில் அவள் அவனை 'டா' போட்டிருக்கிறாள், 'லூசு' என்றிருக்கிறாள், கோபத்தில் கரண்டியை எறிந்திருக்கிறாள். 'நீங்க' என்று சொன்னதில்லை. பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரரிடம் நேரம் கேட்கிற குரல்.

"போனேன்," என்றான்.

"எத்தனை தடவை?"

"பதிமூணு. புதன், சனி."

அவள் தலையை ஆட்டினாள். நம்பிவிட்டாள். ஒரு சொட்டு ரத்தம் கேட்காமல், ஒரு எண் கேட்காமல், அவன் வாயிலிருந்து வந்த சொல்லை அப்படியே எடுத்துக்கொண்டாள். அவனால் தாங்க முடியாமல் போனது அதைத்தான்.

"அங்க என்ன தேடினீங்க?"

"உன்னை."

"இருந்தேனா?"

"இல்ல."

டாக்டர் தொண்டையைச் செருமினார். பாரத்தை இழுத்து இரண்டு கட்டத்தையும் சிவப்பில் அடித்தார். "ஆறு மாசம் மேஜைக்குப் போக முடியாதும்மா. நான் பொய் எழுத முடியாது. ஆனா மருந்தை ஒழுங்காப் போட்டு, இந்தப் பூனை ரோமம் பக்கத்துல வராம பாத்துகிட்டா மூக்கு திரும்பிடும். முழுசாத் திரும்பிடும். நான் சொல்றேன்."

"திரும்பினாப் போதும் டாக்டர். அதுல ஒரு திருத்தம் இருக்கு. பேரு."

"பேருக்கு என்ன?"

"கு. யாமினின்னு இருக்கு. கல்யாணத்துக்கப்புறம் மாத்தினது. எங்கப்பா பேரு வரதராஜ். வ. யாமினின்னு போட்டுருங்க."

டாக்டர் விசைப்பலகையைக் குருவின் பக்கம் தள்ளினார்.

"பேர் திருத்தற அதிகாரம் இங்க உனக்குத்தான். என் பேர்ல பூட்டைத் திறந்தியே, அதுக்கு மத்த அதிகாரமெல்லாம் இன்னையோட போயிடும். இதை முடிச்சுட்டுக் கிளம்பு."

குரு உட்கார்ந்தான். ஸ்வெட்டர் இல்லாத உடம்பு குளிரில் நடுங்கியது. 'கு' என்ற எழுத்தை அழித்தான். 'வ' என்று அடித்தான். சேமி என்பதை அழுத்தினான். திரை ஒரு கட்டத்தைத் திறந்து காட்டியது. 'திருத்தத்துக்கான காரணம்?' அதை நிரப்பாமல் இயந்திரம் மேலே போகாது. இந்தப் பதினைந்து வருடத்தில் அவனே எத்தனையோ பேருக்குக் கேட்டு நிரப்பியிருக்கிறான். எழுத்துப் பிழை. வீடு மாற்றம். மறுமணம்.

"யாமினி," என்றான் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "காரணம் கேக்குது. என்ன எழுதட்டும்?"

பதில் என்ன வரும் என்று தெரியாமல் அவளிடம் அவன் கேட்ட கேள்வி, இந்த இரண்டு மாதத்தில் அது ஒன்றுதான். பதில் வராததால் திரும்பிப் பார்த்தான். அவள் வாசலைத் தாண்டி, மழையில் குடையை விரித்துவிட்டிருந்தாள்.